ஈழத்துத் துள்ளிசையும் மேனாட்டுக் கலகவிசையும்: கொக்கிளாய்க் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

தமிழரின் இசை மரபு பற்றி நம்மிடையே எழுந்துள்ள ஆய்வுகளை நோக்குமிடத்து, அவை பெரும்பாலும் இரண்டு எல்லைகளுக்குள் அடங்கிவிடுவதைக் காணலாம். ஒருபுறம் தேவாரப் பண்களும் கீர்த்தனைகளும் ஆராயப்படுகின்றன. மறுபுறம் தாலாட்டு, ஒப்பாரி, அம்பா, அரிவு வெட்டுப் பாட்டு முதலிய நாட்டார் பாடல்கள் தொகுக்கப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையில், கிற்றாரைத் தோளில் மாட்டிய இளைஞர் கலியாண வீட்டிலும் மாணவர் விடுதியிலும் கோயில் வீதியிலும் பாடிய பாடல்களுக்கு ஆய்வுலகில் இடமில்லை. அவை ஓரிரவுக்கு ஆடி, மறுநாள் மறக்கப்படும் இலேசான சரக்கு என்பதே கற்றோரின் பொதுவான எண்ணம். ஆயின், அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் 'சின்ன மாமியே', 'சுராங்கனி' என்னும் தலைப்புகளைக் கூறிய மாத்திரத்தே மெட்டு நினைவுக்கு வராத ஈழத்தமிழர் அரியர். இத்துணைக் காலம் நிலைத்த ஒன்றை இலேசானது எனத் தள்ளிவிடுதல் விமர்சனமாகாது.

1960களின் பிற்பகுதியில் தோன்றி, 1970களில் செல்வாக்குற்ற ஈழத்துப் பொப்பிசையைத் 'துள்ளிசை' என்றும் வழங்குவர். ஏறக்குறைய அதே காலத்தில் மேனாட்டில் எழுந்த 'பங்க்' இசையோடு அதனை ஒப்புநோக்கி மதிப்பிட இக்கட்டுரை முற்படுகின்றது. பங்க் இசையைக் கலகவிசை எனத் தமிழில் வழங்கலாம். இரண்டும் குறைந்த கருவிகளோடு, இசைப் பயிற்சி மிக்கோரின் இசைவை எதிர்பாராது, தம்மூர்ப் பேச்சில் இளைஞர் படைத்தவை. இரண்டும் அயலாரின் தாளத்தைக் கடன் பெற்றவை. எனினும் ஒன்று சினந்தது, மற்றையது சிரித்தது. இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை ஆராய்வதே நமது நோக்கம். அதனைக் கொக்கிளாய் போன்றதொரு கரையில் நின்று ஆராயும்போது, வினா வெறும் இரசனை பற்றியதாக நின்றுவிடுவதில்லை.

கலகவிசையின் இயல்பு

'பங்க்' என்னும் சொல் 'உதவாக்கரை' என்ற வசைப்பொருளில் வழங்கியது. வசைச்சொல்லையே தம் பெயராக ஏற்றுக்கொண்டமை அவ்விசையாளரின் மனப்பாங்கைப் புலப்படுத்தும். நியூயோர்க்கில் 'ராமோன்ஸ்' குழுவினர் 1974இல் பாடத் தொடங்கினர். லண்டனில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' 1975இல் முதன்முதல் மேடையேறிற்று; 'த கிளாஷ்' 1976இல் உருவாயிற்று. அது பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்த காலம். பெருங்குழுக்களின் இசையோ விலையுயர்ந்த கருவிகளும் மண்டபங்களும் இன்றி இயலாததாய் வளர்ந்திருந்தது. பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையே விழுந்த அந்த இடைவெளியைக் கலகவிசை நிராகரித்தது.

இவ்விசையின் கொள்கை அறிக்கை எனத் தக்கது ஒரு நூலன்று, ஒரு படமே. 1977 ஜனவரியில் வெளியான 'சைட்பேண்ஸ்' என்னும் சிறு ஏடு, கிற்றாரில் மூன்று சுரக்கூட்டுகளுக்கு விரல்கள் எங்கு நிற்கவேண்டுமெனக் கையால் வரைந்து, இனிக் குழுவொன்றை அமைத்துக்கொள்ளுங்கள் என வாசகரைத் தூண்டிற்று. அதே மாதத்தில் மான்செஸ்டர் நகரின் 'பஸ்கொக்ஸ்' குழுவினர், கடனாகப் பெற்ற 500 பவுணைக் கொண்டு தமது இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். பெரு நிறுவனங்கள் தலைநகரில் இருக்க, மாகாண நகரமொன்றில் இருந்தே இசைத்தட்டு வெளிவரலாம் என்பதை அது நிறுவிற்று. இதன் பின்னர் ஊர்தோறும் குழுக்கள் எழுந்தன. அக்குழுக்களைச் சூழச் சிறு மண்டபங்கள், கையெழுத்து ஏடுகள், இசைத்தட்டுக் கடைகள் என்பன அமைந்தன. கலகவிசையின் வரலாறு தனிப்பட்ட பாடகரின் வரலாறன்று. இத்தகைய உள்ளூர்க் களங்களின் வரலாறே எனல் பொருந்தும்.

இன்னொன்றும் இவண் நோக்கற்பாலது. லண்டன் 'றொக்சி' மண்டபத்தில் 1977இன் தொடக்கத்தில் கலகவிசை நிகழ்ச்சிகள் நடந்தபோது, இடைவேளைகளில் ஒலிபரப்பப் போதிய கலகவிசைத் தட்டுகள் இருக்கவில்லை. அங்கு இசைத்தட்டுச் சுழற்றிய டொன் லெட்ஸ், ஜமேக்கக் குடியேறிகளின் பிள்ளை. அவர் தம்மவரின் ரெகே இசையையே ஒலிக்கச் செய்தார். வெள்ளையின இளைஞர் அதனை விரும்பிக் கேட்டனர். அதே ஆண்டில் 'த கிளாஷ்' ஒரு ரெகேப் பாடலைத் தமது முதல் இசைத்தட்டிற் சேர்த்துக்கொண்டது. ஆயினும் கடன் வாங்கியதோடு அவர்கள் அமையவில்லை. குடியேறிகளுக்கெதிரான இனவெறி ஓங்கிய அந்நாளில், 1978 ஏப்ரல் 30ஆம் நாள் லண்டன் விக்ரோறியாப் பூங்காவில் நடைபெற்ற இனவெறி எதிர்ப்பு இசை விழாவில், கறுப்பினக் குழுவான 'ஸ்டீல் பல்ஸ்' பாடிய அதே மேடையில் அவர்களும் பாடினர். தாளத்தைத் தந்தவனின் உரிமைக்காகக் குரல் கொடுத்தல் அக்கடனைத் திருப்பிச் செலுத்தும் முறையாயிற்று. இந்த அளவுகோலை நாம் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

துள்ளிசையின் தோற்றம்

துள்ளிசையின் வேர் பைலாவில் உள்ளது. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தனர். அவர்களின் ஆட்டமரபும், அவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த காப்பிரியரின் தாளமரபும் கரையோரங்களிற் கலந்து, கபிரிஞ்ஞாவாகவும் பைலாவாகவும் உருப்பெற்றன. 'பைலார்' என்பது போர்த்துக்கேய மொழியில் ஆடுதலைக் குறிக்கும். மட்டக்களப்புப் பறங்கியரிடையேயும் புத்தளப் பகுதிக் காப்பிரியரிடையேயும் இம்மரபு நின்று நிலவிற்று. பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன் இதனைச் சிங்கள மொழிக்குப் பெயர்த்து நாடறியச் செய்தார். அவர் வளர்த்த 'வாத பைலா' என்னும் வகையில் இருவர் எதிரெதிர் நின்று, தாளம் தவறாமல் உடனுக்குடன் பாட்டுக்கட்டி வாதிடுவர். நமது கூத்துகளில் வரும் தர்க்கப் பாடல்களை அறிந்தோர்க்கு இது புதியதன்று. 1966இல் கிளரன்ஸ் விஜேவர்த்தன, அனெஸ்லி மாலேவன ஆகியோர் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவை அமைத்து, மின் கிற்றாரைச் சிங்கள மெல்லிசைக்குள் கொணர்ந்தபோது, இலங்கை இளைஞர்க்குப் புதியதொரு வாயில் திறந்தது.

அவ்வாயிலினூடே தமிழரும் நுழைந்தனர். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராயிருந்த காலத்திற் பாடத் தொடங்கியவர். 'சின்ன மாமியே' அவரது பெயரை நிலைநாட்டிற்று. திருகோணமலையில் எம். பி. பரமேஸ், கோணேஸ் சகோதரர் தமது குழுவோடு பாடினர். ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி' வாயிலாகக் கடல் கடந்தும் அறியப்பட்டார். எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை முதலியோரும் இவ்வரிசையில் எண்ணத்தக்கவர். 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டது. உள்ளூர்த் திரைப்படத்துக்கும் ஏட்டுக்கும் இசைக்கும் சிறிது மூச்சுவிட இடம் கிடைத்தது. துள்ளிசை அவ்விடத்திற் செழித்தது. இங்கும் களம் உள்ளூரே. மாணவர் ஒன்றுகூடல், களியாட்ட விழா, கலியாண வீடு என்பனவே அதன் மண்டபங்கள்.

அதன் சாதனை

துள்ளிசையின் தலையாய சாதனை மொழியிலேயே உள்ளது. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் எழுந்த மரபுப் போராட்டத்தை இவ்விதழின் வாசகர் அறிவர். சிறுகதையிலும் நாவலிலும் மக்களின் பேச்சுத்தமிழைக் கையாண்ட எழுத்தாளரைப் பண்டிதர் சிலர் 'இழிசனர் வழக்கு' எழுதுவோர் எனச் சாடினர். எழுத்தாளர் பலர் அதற்குக் கட்டுரைகளால் விடையளித்தனர். அப்போராட்டத்தின் பின் சில ஆண்டுகளுள் துள்ளிசைப் பாடகர், எவ்வித வாதமும் இன்றியே, அவ்வழக்கைத் தாளத்தில் ஏற்றி நாடெங்கும் ஒலிக்கச் செய்தனர். தென்னிந்தியத் திரைப்பாடலின் மொழியையே பாட்டுக்குரிய மொழி எனப் பழகியிருந்த செவிகளுக்கு, தம் வீட்டு முற்றத்துப் பேச்சும் பாட்டாகும் என்பது ஒரு கண்டுபிடிப்பாகவே இருந்திருக்கும்.

'சின்ன மாமியே' பாடலின் அமைப்பை நோக்குக. பெண்ணின் தாயை இளைஞன் வழியில் மறித்து அவள் மகளைப்பற்றி வினவுகின்றான். தாய் மறுமொழி கூறுகின்றாள். பேச்சு குறும்பாக வளர்கின்றது. திரைப்படப் பாடலில் காதலன் காதலியை விளித்துப் பாடுவது வழக்கம். இங்கோ விளிக்கப்படுபவள் மாமி. யாழ்ப்பாணத்துச் சமுதாயத்தில் காதல் இருவர்க்கிடையே மட்டும் நிகழ்வதன்று. மாமியின் படலையைக் கடந்தே அது செல்லவேண்டும் என்ற உண்மையை இவ்வொரு விளி உணர்த்திவிடுகின்றது. சமூகவியலார் பல பக்கங்களில் விளக்கும் உறவுமுறையை ஓர் உறவுச்சொல்லால் உணர்த்திய திறன் பாராட்டுக்குரியது.

அதன் குறைபாடு

சாதனையை ஏற்கும் விமர்சகன் குறையையும் கூறக் கடமைப்பட்டவன். துள்ளிசையின் உள்ளடக்கத்தைத் தொகுத்து நோக்கின், பெண்ணைக் கேலிசெய்தல், மது பற்றிய பகிடி, ஊர்ப் பெருமை, இலங்கையின் அழகு என்ற வட்டத்தைவிட்டு அது அதிகம் விலகவில்லை. அதன் செல்வாக்குக் காலமோ நாட்டின் நெருக்கடிக் காலமாகும். 1971இல் தென்னிலங்கை இளைஞரின் கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்தது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 1977இல் இனக்கலவரம் மூண்டது. வேலையற்ற இளைஞர் லண்டனிலும் இருந்தனர், யாழ்ப்பாணத்திலும் இருந்தனர். அங்கு அவர் அரசியின் வெள்ளிவிழா ஆண்டிலேயே முடியாட்சியை எள்ளிப் பாடினர்; அப்பாடலை ஒலிபரப்ப பி.பி.சி. மறுத்தது. இங்கு பாடகர் மாமியை எள்ளினார். வானொலி மகிழ்ந்து ஒலிபரப்பிற்று.

இதனைப் பாடகரின் கோழைமை எனக் கூறுவது எளிது. ஆனால் முழு உண்மையன்று. லண்டனிலோ மான்செஸ்டரிலோ கலகவிசைக் குழு தன் தட்டைத் தானே அச்சிடலாம். வானொலியும் விழா அமைப்பாளரும் மறுத்தால் மாற்று வழி இருந்தது. இங்கு ஒலிபரப்பு நிலையம் ஒன்றே, அது அரசுடையது. விழா மேடையோ ஊர்ப் பெரியாரின் தயவில் நின்றது. அரசையும் ஊர்ப் பெரியாரையும் ஒருங்கே பகைத்துக்கொண்டு பாட இடம் எங்குளது? சாதியைப் பற்றித் துள்ளிசை காத்த மௌனத்திற்கும் இதுவே காரணமாகலாம். எழுத்தாளனுக்குச் சிற்றேடு இருந்தது. பாடகனுக்கு அதற்கு நிகரான ஒன்று இருக்கவில்லை. ஆகவே, துள்ளிசையின் சிரிப்பு அதன் கலைஞரின் இயல்பினின்று மட்டும் பிறந்ததன்று. அதன் களத்தின் குறுகலினின்றும் பிறந்தது.

எனினும் பெண்ணைப் பற்றிய பகுதியில் இச்சமாதானம் செல்லாது. மாமிக்கு மறுமொழி உண்டு, மகளுக்கு இல்லை. அவள் பேசப்படுகின்றாளேயன்றிப் பேசுவதில்லை. லண்டனில் 'எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்' குழுவின் போலி ஸ்டைரீன் போன்ற பெண்கள் ஒலிவாங்கியைக் கையிலெடுத்துத் தம்மைப் பற்றித் தாமே பாடிய காலத்தில், துள்ளிசையின் முதல்வரிசை ஆண்களாலேயே நிறைந்திருந்தது.

கொக்கிளாயும் சுராங்கனியும்

கொக்கிளாய், முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில் களப்பு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த மீனவக் கிராமம். களப்புக்கு அப்பால் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை. கரைவலை இழுப்போர் அம்பா பாடிய ஊர் இது. ஒருவன் அடியெடுத்துக் கொடுக்க, மற்றையோர் வலைக்கயிற்றைப் பற்றியபடி ஏற்றுப்பாடுவர். பருவந்தோறும் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக் கரைகளிலிருந்து சிங்கள மீனவரும் இங்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்தனர். 'வாடி' என்னும் சொல்லே இரு மொழிக்கும் பொதுவானது. வாடிகளின் இரவுகளிற் பைலா ஒலித்ததை ஊர் முதியோர் கூறுவர். ஆகவே, துள்ளிசை வானொலி வழியாக எம்மூரை அடைவதற்கு முன்னரே அதன் தாளம் கடல்வழியாகக் கரையேறியிருந்தது எனலாம்.

'சுராங்கனி' பாடலைப் பலரும் பொருளற்ற கொண்டாட்டப் பாட்டாகவே கருதுவர். ஆனால் அதன் பொருள் மிகத் தெளிவானது. ஒருவன் சுராங்கனி என்னும் பெண்ணுக்கு மீன் கொண்டுவந்துள்ளான். சிங்களமும் தமிழும் அப்பாடலில் மாறிமாறி வருகின்றன. அதாவது கரையிலே பிடித்த மீனை, இரு மொழிகளையும் பேசி, மகிழ்வோடு வீட்டுவாசலிற் கொடுக்கும் ஒருவனின் பாட்டு அது. அது 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழ்நாட்டுத் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையிலும் இடம்பெற்றது. தென்னிந்தியாவிலிருந்து பாட்டை வாங்கியே பழகிய ஈழம், தன் பாட்டொன்றைக் கொடுத்த அரிய நிகழ்ச்சி அது.

ஏழாண்டுகளின் பின் அக்கரைக்கு நேர்ந்தது யாது? 1984 நவம்பர் 30ஆம் நாள் டொலர், கென்ற் பண்ணைகளிலும், மறுநாள் கொக்கிளாய், நாயாற்றுக் கரைகளிலும் சிங்களக் குடியேற்றவாசிகளும் மீனவரும் கொல்லப்பட்டனர். அந்த டிசம்பரிலேயே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய தமிழ்க் கிராமங்களின் மக்கள் படையினரால் வெளியேற்றப்பட்டனர், உயிரிழந்தோரும் பலர். கால் நூற்றாண்டின் பின், 2009இல் போர் முடிந்த பிறகே ஊர் மீளும் வாய்ப்புக் கிட்டிற்று. மீண்டவர் தம் முகத்துவாரத்தில் கரைவலைப் பாடுகள் பிறர் கையில் இருக்கக் கண்டனர். 2023இல் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க நிலம் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன.

இந்நிலையில் இருவகைக் கூற்றுகள் நம் செவியில் விழுகின்றன. நல்லிணக்க மேடைகளில் 'சுராங்கனி'யைப் பாடி, இரு இனங்களும் ஒன்றென்பதற்கு இதுவே சான்று என்பர் ஒருசாரார். எம் கரையைக் கொண்டவரின் தாளம் எமக்கெதற்கு எனப் பைலாவையே வெறுப்பர் மறுசாரார். இரண்டும் ஏற்கத்தக்கன அல்ல. பைலா போர்த்துக்கேயரும் காப்பிரியரும் பறங்கியரும் சிங்களவரும் தமிழரும் கைமாற்றியது. அதற்குத் தனியுரிமை கோருவார் எவருமில்லை. அதனை வெறுத்தால், மனோகரனையும் நித்தியையும் பரமேஸையும் நம் வரலாற்றிலிருந்து நாமே வெட்டியெறிந்தவராவோம். மறுதலையாக, தாளம் பொதுவானது என்பதால் கரையின் வழக்குத் தீர்ந்துவிடாது. அப்பாட்டின் மகிழ்ச்சி ஒரு நிபந்தனையோடு கூடியது: மீன் கொண்டுவருபவனுக்கு மீன்பிடிக்க உரிமை இருக்கவேண்டும். அவ்வுரிமை பறிக்கப்பட்ட கரையில் அதனை ஒற்றுமைக்குச் சான்றாகக் காட்டுதல், பாட்டையும் பொய்யாக்கும், பாடுவோரையும் பொய்யராக்கும். விக்ரோறியாப் பூங்காவின் அளவுகோல் இங்கேதான் பயன்படுகின்றது. அயலான் தாளத்தைப் பாடுவோர், தமிழராயினும் சிங்களவராயினும், அவ்வயலானின் உரிமைக்கும் குரல் கொடுத்தனரா என்பதே வினா. அவ்வாறு ஒருமித்து எழுந்த குரல் ஈழத்து இசைமேடையில் மிக அரிது.

பின்னர் நிகழ்ந்தவை

1983இன் பின்னர் துள்ளிசையின் களம் கலைந்தது. பாடகர் பலர் புலம்பெயர்ந்தனர். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியா சென்றார். முன்னரே சென்னைத் திரையுலகிற் புகுந்திருந்த மனோகரன், 'சிலோன் மனோகர்' என அங்கே அறியப்பட்டு, 2018 ஜனவரி 22ஆம் நாள் அந்நகரிலேயே காலமானார். ஈழத்தில் எழுச்சிப் பாடல்கள் ஒலிநாடாக்களில் வந்தன. துள்ளிசையில் இல்லாத சினம் அவற்றில் இருந்தது. ஆனால் அது ஓர் இயக்கத்தின் நிறுவன அமைப்புக்குள் அடங்கிய சினம். அமைப்பையே கேள்விக்குள்ளாக்கும் நகைப்புக்கு அங்கு இடமில்லை. முதலில் சினமின்றிச் சிரித்தோம். பின்னர் சிரிப்பின்றிச் சினந்தோம். இரண்டையும் ஒருசேரக் கொள்ளும் கலகவிசை எமது மண்ணிற் காலூன்றவில்லை.

அது அகதி வழியாக லண்டனில் முளைத்தது. 1977 இனக்கலவர அகதிகளின் கப்பற் பயணத்தைப் பொருளாகக்கொண்ட 'லங்கா ராணி' நாவலை எழுதிய அருளரின் மகள் மாயா, 1975இல் லண்டனிற் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்திற் கழித்து, 1980களில் அகதியாக மீண்டும் லண்டன் சென்றவர். 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரிற் பாடிய அவர், தம் முதல் இசைத்தொகுதிக்குத் தந்தையின் பெயரையும் (2005), அடுத்ததற்குத் தாயின் பெயரையும் (2007) சூட்டினார். இரண்டாவதில் இடம்பெற்ற 'பேப்பர் பிளேன்ஸ்', 'த கிளாஷ்' 1982இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெயிற் ரு ஹெல்' பாடலின் இசையை அடிப்படையாகக் கொண்டது. மூலப்பாடல், போரும் குடிப்பெயர்வும் கைவிட்ட மாந்தரைப் பற்றி வெளியே நின்று இரங்கிப் பாடியது. மாயாவோ அம்மாந்தருள் ஒருத்தியாக நின்று, குடியேறியைத் திருடனாகக் காணும் மேனாட்டாரின் அச்சத்தையே நையாண்டி செய்தார். சினமும் சிரிப்பும் இங்கே ஒன்றாயின. துள்ளிசையிற் பேசாத மகள் இங்கே பேசினாள் என்று கூறினும் மிகையாகாது. ஆயினும் அவள் பேச்சு ஆங்கிலத்தில் அமைந்தது. களம் உலகச் சந்தை. சென்னையில் 2018 ஜனவரியில் மேடையேறிய 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாப் பாட்டையும் பறையையும் மின் கிற்றாரையும் இணைத்துச் சாதியை நேர்நின்று பாடியபோது, தமிழிலேயே, தம் நகரத்து வழக்கிலேயே அது இயலும் என்பது தெளிவாயிற்று.

முடிவாக

மேற்கூறியவற்றால் பெறப்படுவது இது. பாடகரின் துணிவு மட்டும் கலகவிசையை உண்டாக்காது. அவர் நின்று பாட ஓரிடம் வேண்டும். அவ்விடம் அரசினதாகவோ இயக்கத்தினதாகவோ ஊர்ப் பெரியாரினதாகவோ இருத்தல் கூடாது. துள்ளிசைக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. கிடைத்த சிறு இடத்தில் அது நம் பேச்சைப் பாட்டாக்கிற்று. அதற்கு மேற் செல்ல இயலாது நின்றது. அதனை இகழ்வோர் அதன் சாதனையை அறியார். அதனைப் போற்றி மட்டும் அமைவோர் அதன் தடையை அறியார்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கு இதில் ஒரு பொறுப்புண்டு. ஒலிநாடாக்களும் இசைத்தட்டுகளும் அழிவதற்குள் அவற்றைத் தேடிச் சேர்த்தல் ஒன்று. மரபுப் போராட்டத்தைப் பயிலும் வகுப்பிலேயே துள்ளிசையின் மொழியையும் பாடமாக்குதல் மற்றொன்று. மூன்றாவது, நமது கலைவிழா மேடையில் ஒரு மணிநேரத்தையேனும், பாடலை முன்கூட்டிக் காட்டி இசைவு பெறவேண்டாத மாணவர் குழுக்களுக்கு ஒதுக்குதல். கரைவலைப் பாட்டைப் பற்றியும், பாட்டிலே பேசவிடப்படாத மகளைப் பற்றியும், சாதியைப் பற்றியும் பாட விரும்பும் மாணவரும் மாணவியரும் நம் விடுதிகளில் இருக்கின்றனர். மூன்று சுரக்கூட்டுகளைக் கற்க அவர்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். மேடையைத் திறந்துவிடவேண்டியவர் நாமே.